போகச் சொல்லும் பாட்டு

எங்கள் கிளை நூலகத்தில் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம், கூட்டத்தைக் கலைக்க வந்த ஒரு மனிதர். எல்லோரும் அவரைப் போல்ட் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஜப்பான்காரர். ஊருக்கு வெளியே இருக்கும் தொழிற்சாலையில் போல்ட்டும் நட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புகிற பிரிவுக்குத் தலைவராக வந்தவர். மூன்று வருஷத்தில் திரும்பிப் போவதாக ஏற்பாடு. கம்பெனி இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்றது, இருந்தார். மறுபடியும் கொஞ்ச நாள் என்றது, இருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதருக்கு வந்த ஊர் சொந்த ஊராவது இப்படித்தான். கடைசியில் வேலையிலிருந்து ஓய்வும் பெற்றார். அப்போது அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் அந்த நூலகத்தின் பொறுப்பாளர். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சத்தம் போடக் கூடாத இடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தால் யாருக்கும் வரும்.

முதலில் எங்களிடம் வந்தவர் அவரில்லை, அவர் மனைவி. குழந்தைகள் பகுதியில் முட்டி உயர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, படப் புத்தகங்களை விரல் வைத்துப் படிப்பார். நம் பேச்சை அப்படித்தான் கற்றுக்கொண்டார். யானை, முயல், நிலா எல்லாம் சரளமாக வரும். கேஸ் சிலிண்டர், வீட்டு வாடகை என்று வந்தால் திணறுவார். போல்ட் சார் கற்றுக்கொண்டது தொழிற்சாலை ஆட்களிடம். மனிதர்களிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசுவார். மெஷின்களிடம் பேசும்போது மட்டும் எழுத முடியாத வார்த்தைகள் வரும். எங்கள் மின்விசிறி ஒருநாள் நின்றுபோனபோது அவர் அதனிடம் பேசியதைக் கேட்டு, மாதர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தையல்கடை அக்கா பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மின்விசிறி ஓடியது.

அந்த அம்மா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. இந்த ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் போல்ட் சார் சனிக்கிழமை தோறும் வர ஆரம்பித்தார். மனைவி எடுத்துப்போன புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வருவார். வாரத்துக்கு ஒரு புத்தகம்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல கொண்டாந்து குடுக்க வேண்டியதுதானே சார்? ஒவ்வொண்ணா எதுக்கு?" என்று கேட்டேன்.

"கனம் அதிகம் மேடம்," என்றார்.

அவர் கையில் இருந்தது முயல் கதை. அட்டையைச் சேர்த்தே பதினாறு பக்கம். புத்தகம் தீர்ந்துபோனால் அடுத்த சனிக்கிழமை வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று அவர் பயந்தது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. எனக்கு மனசு இளகினால் எதிரில் இருப்பவருக்கு ஏதாவது வேலை கொடுத்துவிடுவேன். "சும்மா வந்துட்டுப் போறதுக்கு, இந்தக் குழந்தைங்களுக்கு ஒரு கதை சொல்லுங்களேன்," என்றேன்.

அடுத்த வாரம் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு மரச் சட்டத்தோடு வந்தார். அதற்குள் படம் வரைந்த அட்டைகள். ஒவ்வோர் அட்டையாகப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துக் கதை சொல்வார். அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் தெருத்தெருவாகப் போய் இப்படிக் கதை சொல்வார்களாம். முக்கியமான இடம் வந்ததும் அட்டையைப் பாதி இழுத்து நிறுத்திவிட்டு, கைக்குட்டையை எடுத்து நிதானமாக நெற்றியைத் துடைப்பார். பிள்ளைகள் தரையில் புரளாத குறைதான். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் மீதிப் பாதியை இழுப்பார். கல்நெஞ்சக்காரர்.

அவர் பின்னாலேயே ஊரில் இருந்த மற்ற ஜப்பான்காரர்களும் வந்தார்கள். ஒருவர் தூரிகையால் எழுதக் கற்றுக்கொடுத்தார். ஒரு மேனேஜரின் மனைவி தாள் மடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு வயலினும் வாசிக்கத் தெரியும், நம் பேச்சும் நன்றாகவே வரும். நாங்கள் அவரை வயலின் அம்மா என்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நூலகத்துத் தெருவைப் பெருக்குவார்கள். தெருக்காரர்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் தங்கள் வீட்டுக் குப்பையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜப்பான்காரர்கள் தலை வணங்கி வாங்கிக்கொண்டார்கள்.

இவர்களோடு பழகுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை போல்ட் சாரிடம், "புதன்கிழமையும் வந்து கதை சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்தார். "புதன்கிழமை... கொஞ்சம் கஷ்டம் மேடம்," என்றார்.

"கொஞ்சம்தானே! சமாளிச்சிடலாம்," என்று சொல்லி அறிவிப்புப் பலகையிலும் எழுதிப்போட்டுவிட்டேன். அவரும் ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தார். புதன்கிழமைதான் அவருக்கு முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கும் நாள் என்று ஒரு மாதம் கழித்து வயலின் அம்மா சொல்லித் தெரிந்தது.

"அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னாரே," என்றார் வயலின் அம்மா. "எங்க ஊர்ல கொஞ்சம் கஷ்டம்னா, தலைகீழா நின்னாலும் முடியாதுன்னு அர்த்தம். எங்க பாஷைல அவ்வளவுகூடச் சொல்ல மாட்டோம். 'ச்சோத்தோ'ன்னு ஆரம்பிச்சு நிறுத்திடுவோம். கொஞ்சம்னு அர்த்தம். மிச்சத்தைக் கேக்கறவங்கதான் புரிஞ்சுக்கணும்."

மிச்சத்தைக் கேட்பவர் புரிந்துகொள்ள வேண்டுமாம். எங்கள் வீட்டில் முழுதாகச் சொன்னாலே என் வீட்டுக்காரருக்குக் காதில் ஏறாது. புதன்கிழமையைப் பலகையிலிருந்து அழித்துவிட்டேன்.

இனி மணி விஷயம். நூலகத்தை ஏழு மணிக்கு மூட வேண்டும். ஏழு மணிக்கு எழுந்திருக்கிற வாசகர் எங்கேயும் பிறக்கவில்லை. அதற்காக எங்கள் அட்டெண்டர் அண்ணன் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பித்தளைக் கைமணி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். காலை முழுக்க வாய் திறக்காமல் அலமாரி துடைக்கிற மனிதர், ஏழு மணிக்கு அந்த மணியோடு மேசை மேசையாகப் போவார். காதுக்கு அருகில் அடிப்பார். தூங்கிக்கொண்டிருப்பவர் என்றால் இரண்டு காதுக்கும் தனித்தனியாக அடிப்பார். அவர் வாழ்க்கையில் அந்த ஐந்து நிமிஷம்தான் அவருக்குச் சந்தோஷம் என்று நான் நினைப்பதுண்டு.

மணி அடிக்கும்போதெல்லாம் போல்ட் சாருக்குத் தோள் இரண்டும் தூக்கிப் போடும். ஒருநாள் என்னிடம் வந்தார்.

"மேடம், வந்தவங்க நம்ம விருந்தாளிங்க. மணி அடிச்சு விரட்டறது... கொஞ்சம்..." என்று நிறுத்தினார்.

மிச்சம் எனக்குப் புரிந்தது. நானும் தேறிவிட்டேன்.

"வேற என்ன சார் பண்றது?"

அவர்கள் ஊரில் கடையோ நூலகமோ மூடுகிற நேரத்தில் ஒரு பாட்டு போடுவார்களாம். மெதுவான, கொஞ்சம் சோகமான மெட்டு. நேரமாகிவிட்டது, போங்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாட்டு கேட்டதும் ஆட்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "சின்ன வயசுலேருந்து கேட்டுக் கேட்டுப் பழகினது மேடம். யோசிக்கவே வேணாம். கால் தானா எழுந்துக்கும். யாருக்கும் மனசு நோகாது," என்றார். மவுத் ஆர்கனில் அதைத் தாமே வாசிப்பதாகவும் சொன்னார்.

எனக்கு ஏழே காலுக்குக் கடைசிப் பஸ். அதை விட்டால் ஆட்டோதான். யாருக்கும் மனசு நோகாமல் என் பஸ் கிடைக்கும் என்றால் எனக்கு என்ன வலிக்கிறது? "சரி சார். போறதுக்கான பாட்டுன்னு நான் அறிவிச்சிடறேன்," என்றேன்.

அவர் பதறிவிட்டார். "போகச் சொல்றோம்னு சொல்லிட்டா, அப்புறம் பாட்டு எதுக்கு மேடம்?"

எனவே பாட்டின் பொருள் ஊர்க்காரர்களில் எனக்கும் அட்டெண்டர் அண்ணனுக்கும் மட்டுமே தெரியும் என்று ஆனது. மற்ற ஜப்பான்காரர்கள் அந்த நேரத்துக்கு நூலகத்தில் இருப்பதில்லை. வாரத்தில் மற்ற நாளெல்லாம் மணி, சனிக்கிழமை மட்டும் பாட்டு.

முதல் சனிக்கிழமை ஏழு மணிக்கு அவர் கதவருகே நின்று வாசித்தார். வாசகர்கள் தலை நிமிர்ந்தார்கள். புத்தகத்தை மூடினார்கள். ஆஹா என்று நான் கைப்பையை எடுத்தேன். மூடியவர்கள் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். அவர் தலை வணங்கினார். வணங்கியதற்கும் தட்டினார்கள். அதற்கும் வணங்கினார்.

"மேடம், மணியை எடுக்கட்டா?" என்றார் அட்டெண்டர் அண்ணன். என் பஸ் வாசலைக் கடந்து போனது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்டது. அதுதான் வினையே. "நாளெல்லாம் உக்காந்து படிச்சவங்களுக்கு மரியாதை பண்றாங்க பாருங்க," என்று தையல்கடை அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போல்ட் சார் இதற்கு நேர் எதிர். கூடமே கோணலாக இருந்தாலும் தன் கால்தான் கோணல் என்பார். ஆயுள் முழுக்கப் பிழை கண்டுபிடித்துச் சம்பாதித்தவர் இல்லையா? ஆட்கள் போகவில்லை என்றால் வாசிப்பில் குறை இருக்கிறது என்று முடிவு கட்டினார். வீட்டில் பயிற்சி செய்தார். அடுத்த வாரம் இன்னும் மெதுவாக, இன்னும் சோகமாக வாசித்தார். தையல்கடை அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். அதற்கடுத்த வாரம் சத்தம் போதவில்லையோ என்று உரக்க வாசித்தார். எதிர் மருந்துக்கடையிலிருந்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். பிறகு வயலின் அம்மாவைத் துணைக்குக் கூட்டிவந்தார். அவ்வளவுதான், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நாள் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள் மூடுகிற நேரத்துக்குச் சரியாக வந்து இடம் பிடித்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு புத்தகம் எடுத்தார்கள். மாவட்டத்திலேயே அதிகம் புத்தகம் எடுக்கப்படும் கிளை என்று தலைமை அலுவலகம் எங்களைப் பாராட்டியது. பாராட்டு வந்த அன்றும் நான் ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போனேன்.

பஸ் பிரச்சினையும் ஒரு வழியாகத் தீர்ந்தது. என் பஸ்ஸின் கண்டக்டர் ஒருநாள் நிறுத்தத்தில் நின்றபடி பாட்டைக் கேட்டார். அடுத்த வாரம் விசில் கொடுத்து பஸ்ஸை நூலக வாசலிலேயே நிறுத்தி, டிரைவரோடு உள்ளே வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் பயணிகளும் இறங்கி வந்தார்கள். இப்போது பஸ்ஸை நான் தவறவிடுவதில்லை. பாட்டு முடிகிறவரை பஸ்ஸே புறப்படுவதில்லை.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. உண்மையைப் போட்டு உடைக்க எனக்கு எத்தனையோ தடவை வாய் துறுதுறுத்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது? அந்த ஆள் ஒவ்வொரு வாரமும் மவுத் ஆர்கனைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, "இன்னிக்கும் யாரும் போகலை மேடம், மன்னிக்கணும்," என்று என்னிடம் வந்து சொல்வார். அவரைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது போல்ட் சார் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பில் கீறல். தனியாக இருக்கிற மனிதர் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துத் தூக்குகிற வரை படியிலேயே கிடந்திருக்கிறார். கூப்பிட்டால் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று சத்தம் போடவில்லையாம். செய்தி தெரிந்து ஜப்பானிலிருந்து மகள் வந்தாள். ஒரே பிள்ளை. நாற்பது வயசு இருக்கும், மெலிந்த உடம்பு. ஒரு நிமிஷம் சும்மா உட்காரமாட்டாள். அப்பா நடக்க ஆரம்பித்ததும் வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமைக்கு இரண்டு பேருக்கும் விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. அட்டைப் பெட்டிகள் ஒரே அளவில், ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. நூல் பிடித்த மாதிரி. கதைச் சட்டம் மட்டும் எந்தப் பெட்டியிலும் போகாமல் சுவரில் சாய்ந்திருந்தது. வெளியே தூறல். மகள் எனக்குத் தேநீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, அப்பா பக்கத்தில் நின்றாள்.

"நிஜமாவே போறீங்களா சார்?"

"டிக்கெட் வாங்கிட்டா மேடம்."

"உங்களுக்குப் போகணுமா?"

"லீவு போட்டுட்டு வந்திருக்கா."

"சார், நான் கேட்டது அது இல்ல."

"வீட்டுக்காரி இங்க இருக்கா," என்றார். அப்புறம், "சனிக்கிழமையும் இங்க இருக்கு," என்றார்.

தேநீரைக் கீழே வைத்தேன். "இதை மககிட்டச் சொன்னீங்களா?"

"அவ கேக்கலையே மேடம்."

என்னிடம் இருந்தது பேச மட்டும் உதவுகிற பழைய கைப்பேசி, அது மொழிபெயர்க்காது. மகளுக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இவரைத் தவிர மொழிபெயர்க்க ஆள் இல்லை. "நான் பேசறேன், நீங்க அப்படியே அவகிட்டச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். அம்மா, உங்கப்பா இந்த ஊருக்கு விருந்தாளி இல்ல, எங்க வீட்டு மனுஷன். அவர் கதை கேட்ட பிள்ளைங்க இன்னிக்குக் காலேஜ் போகுது. அவர் விழுந்த செய்தி கேட்டு பஸ் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸைத் திருப்பிட்டான். கீழ் வீட்டுல ஒரு அறை காலியா இருக்கு, படியே ஏற வேணாம். காலைல அட்டெண்டர் அண்ணன் பார்ப்பாரு, சாயங்காலம் நான் பார்ப்பேன். அவர் மனசு இங்கதான் இருக்கு, மனசை விட்டுட்டு உடம்பை மட்டும் கூட்டிட்டுப் போய் என்ன பண்ணப் போறே? இப்படி மூச்சு விடாமல் பேசினேன். பேசப் பேச எனக்கே கண் கலங்கியது.

போல்ட் சார் மகள் பக்கம் திரும்பினார். சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னார். மகள் அவர்கள் பாஷையில் சரி என்பதற்கான "ஹாய்" சொல்லித் தலையாட்டிவிட்டு அவசரமாக உள்ளே போனாள். போனவள் ஒரு குடையோடு வந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

நான் குடையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். "சார், என்ன சொன்னீங்க அவகிட்ட?"

அவர் காது சிவந்துவிட்டது. "மழை பெய்யுது, மேடம் குடை கொண்டு வரலைன்னு சொன்னேன்."

"நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினது?"

"நீங்க சொன்னதெல்லாம் என்னைப் பத்தி நல்லதா இருந்துச்சு மேடம். அதை நானே என் வாயால எப்படிச் சொல்றது?"

குடையை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய? நேரே வயலின் அம்மாவிடம் போய், நீங்களாவது மகளிடம் பேசுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார். "அடுத்தவங்க குடும்ப விஷயம்... கொஞ்சம் கஷ்டம்," என்றார். குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவருடைய கடைசிச் சனிக்கிழமை வந்தது. நூலகத்தில் நிற்க இடமில்லை. பஸ் அன்றைக்கு ஏழு மணிக்கு முன்னாலேயே வந்து வாசலில் காலியாக நின்றது. பயணிகள் உள்ளே இருந்தார்கள். தையல்கடை அக்கா அவருக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தார். மகளை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தோம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அப்பா சனிக்கிழமைகளில் என்ன செய்கிறார் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவரே சொல்லியிருந்தால்தானே?

ஏழு மணிக்குப் போல்ட் சார் கைத்தடியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, மவுத் ஆர்கனை எடுத்தார். வயலின் அம்மா பக்கத்தில் நின்றார். வாசிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது வரி வருவதற்குள் மகள் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் தள்ளினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலை வணங்கிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கால் தானாக எழுந்து போனது.

பாட்டு நின்றது. "என்ன ஆச்சு? பொண்ணு கோவிச்சுக்கிச்சா?" என்றார் தையல்கடை அக்கா.

மூன்று வருஷமாக நான் அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் பிய்த்துக்கொண்டது. "கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல! இந்தப் பாட்டுக்கு ஒழுங்கா நடந்துக்கிட்ட ஒரே ஆள் அவதான்!" என்று கத்தினேன். சத்தம் போடக் கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழேயே நின்று கத்தினேன். "இது போகச் சொல்ற பாட்டு! அவங்க ஊர்ல கடை மூடறப்போ போடறது! கேட்டா எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போகணும்!"

மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப மூணு வருஷமா," என்று கண்டக்டர் மெதுவாகக் கேட்டார், "பஸ்ஸை நிறுத்திட்டு வந்து நான் கேட்டது, எறங்கிப் போய்யான்னு சொன்னதையா?"

போல்ட் சார் இடுப்புவலியோடு குனிந்தார். அவ்வளவு தாழ்வாக அவர் வணங்கி நான் பார்த்ததில்லை. "மன்னிக்கணும்," என்றார் தரையைப் பார்த்து. "என் தப்பு."

தையல்கடை அக்கா சட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். "சார், எங்களை அனுப்பறதுக்கா வாசிச்சீங்க?" அவருக்குக் குரல் கம்மியது.

பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். "முதல் மூணு மாசம்," என்றார் போல்ட் சார்.

"அப்புறம்?"

நிமிர்ந்தார். மவுத் ஆர்கனைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் பயந்துக்கிட்டே வாசிச்சேன். யாராவது எழுந்து போயிடுவாங்களோன்னு."



வாசலில் மகள் தலை தெரிந்தது. வெளியே போய் பஸ் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவர்கள் ஊர் வழக்கப்படி எல்லோரும் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். ஒருவரும் வராததால் என்னவோ ஏதோ என்று திரும்பி வந்திருக்கிறாள். கதவைப் பிடித்தபடி அப்பாவிடம் சுருக்கமாக ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறா?" என்றேன்.

"ஏன் யாரும் வரலைன்னு கேக்கறா."

"இப்ப எங்ககிட்டச் சொன்னீங்களே, அதை அப்படியே அவகிட்டச் சொல்லுங்க. குடையெல்லாம் வேணாம் சார்."

அவர் வயலின் அம்மாவைப் பார்த்தார். வயலின் அம்மா மேற்கூரையைப் பார்த்தார். பிறகு போல்ட் சார் மகள் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

எங்களிடம் அவர் சொன்னது ஒன்றரை வரி. மகளிடம் சொன்னது முடிகிற வழியாக இல்லை. நான் பக்கம் பக்கமாகப் பேசியதைக் குடையாகச் சுருக்கியவர், தன்னுடைய ஒன்றரை வரியை விரித்துக்கொண்டே போனார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவள் கண் போகிற இடத்தைப் பார்த்தே கதையைத் தொடர முடிந்தது. மணியைப் பார்த்தாள். அட்டெண்டர் அண்ணனைப் பார்த்தாள். வெளியே நிற்கிற பஸ்ஸைப் பார்த்தாள், கண்டக்டரைப் பார்த்தாள். அவர் விசிலைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டார். அக்காவின் மடியில் இருந்த சட்டையைப் பார்த்தாள். குழந்தைகள் பகுதியில், அந்த முட்டி உயர நாற்காலியை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்போது அவர் குரல் ஒரு இடத்தில் நின்று, மறுபடி தொடர்ந்தது.

"சரியாச் சொல்றாரா?" என்று வயலின் அம்மாவின் காதில் கேட்டேன்.

"குடை இல்லை," என்றார்.

அவர் முடித்தார். மகள் கதவை விட்டு ஒரு எட்டு உள்ளே வந்தாள். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ரொம்பச் சின்னக் கேள்வி. அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. என்னோடு வருகிறீர்களா என்பதைத் தவிர அது வேறு என்னவாக இருக்கப்போகிறது?

போல்ட் சார் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்தார்.

"ச்சோத்தோ..." என்றார். நிறுத்திக்கொண்டார்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் பிறந்ததிலிருந்து யாரிடமும் இவ்வளவு அழுத்தமாக மறுப்புச் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

மகள் கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு முதல் வரிசைக்கு வந்தாள். மேசைக்கு அடியில் தள்ளிய நாற்காலியை வெளியே இழுத்தாள். உட்கார்ந்தாள்.

"வாசிங்க சார்," என்றார் கண்டக்டர்.

அவர் ஆரம்பத்திலிருந்து வாசித்தார். நான் பாட்டைக் கேட்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வரி வந்ததும் அவள் குதிகால்கள் தரையிலிருந்து எழும்பின. பாவம், நாற்பது வருஷப் பழக்கம். கைப்பையை இரண்டு கையாலும் மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடிகிற வரை உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு அட்டெண்டர் அண்ணன் மணி அடித்துத்தான் எல்லோரையும் வெளியே அனுப்பினார். அப்பாவையும் மகளையும் சேர்த்து.